றப்பர் வளையம்

குளியல் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் அமுக்கினார். அது அடங்கவில்லை. ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் துள்ளி எழுந்து அவர் முகத்தில் தண்ணீரை அடித்தது.

"கிடாய் மாதிரித் திமிறுது மோனை."

"உள்ளுக்க முழுக்கக் காத்தப்பா. திமிறத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் அமுக்குங்கோ, மூடி தாழோணும்."

நிசாந் தொட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, கைப்பேசி விளக்கை மூடியின் ஓரத்தில் பிடித்திருந்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஜெர்மனியின் எசன் நகரில் எரிவாயு வால்வுகள் கசிகின்றனவா என்று சோதிக்கும் பொறியாளன். அப்பாவோடு சேர்ந்து ஒன்றைச் சோதிப்பது இதுவே முதல் தடவை.

குளியலறை வாசலில் அம்மா மங்கையற்கரசி வந்து நின்றாள். "ரெண்டு பேருக்கும் என்ன பிடிச்சது? கீழ் வீட்டுக்காரி மேல வரப்போறாள், தண்ணி ஒழுகுதெண்டு."

"சாப்பாட்டுச் சாமான் நனையக்கூடாதெல்லோ," என்றார் அப்பா. "ஆத்துக்க படகு பிரண்டால் என்ன செய்யிறது?"

"பிரண்டால் உங்களை ஆர் தூக்கிறது எண்டு யோசியுங்கோ. சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறார்."

கடுகு போல ஒரு குமிழ் வந்தது. பிறகு வரிசையாக வந்தன. "அந்தா! பிடியுங்கோ அப்பா, விடாதேங்கோ, எங்கையிருந்து வருகுதெண்டு பாக்கிறன்." அவர் விடவில்லை. நிசாந் இடத்தைக் கண்டுபிடித்தான். மூடிக்குள் இருந்த றப்பர் வளையம் ஓரிடத்தில் வெடித்திருந்தது.

அப்பா பீப்பாயை விட்டுவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். ஈரக் கையால் நெஞ்சின் நடுவே தேய்த்தார். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

"என்னப்பா?"

"வாய்வு. டாக்குத்தருக்குத் தெரியுந்தானே." பிறகு வளையத்தைக் கழற்றித் துடைத்து, கொழுவியில் தொங்கிய தன் ஜாக்கெட் பைக்குள் போட்டார். "இதை நான் மாத்திக்கொண்டு வாறன். சனிக்கிழமை கடைக்குப் போறன்."

"நானும் வாறன். அளவு விளங்கப்படுத்திச் சொல்லோணும்."

"நீ வர வேண்டாம். நாப்பது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன். ஒரு றப்பர் வாங்கக் கதைக்க மாட்டனோ?"

அது ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை, பாண் சுடும் தொழிற்சாலையின் உடை மாற்றும் அறையில், வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஆறு என்பது பாடப்புத்தகத்தில் இருப்பது. பேருக்கு அங்கே ஒன்று உண்டு. மாரி முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். ஸ்ரீஸ்கந்தராஜா தண்ணீர் ஓடும் ஆற்றை முதன்முதல் பார்த்தது ஜெர்மனியில்தான். எண்பத்தைந்தில், இருபத்திரண்டு வயதில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் கடந்தார். பக்கத்து இருக்கையில் வந்த சிற்றம்பலம் அன்றிலிருந்து நண்பன். இருவரையும் எசனுக்கு அனுப்பினார்கள். அகதி வழக்கு முடியும்வரை அனுமதி இல்லாமல் நகர எல்லை தாண்டக்கூடாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ரூர் ஆற்றங்கரைக்கு நடந்து போய்ப் புல்லில் உட்காருவார்கள். குடும்பம் குடும்பமாக ஜெர்மன்காரர் சிறுபடகில் போவார்கள். படகின் நடுவில் சுருட்டிய கூடாரம் இருக்கும். அடுத்த வளைவில் மறைந்துவிடுவார்கள்.

"எங்கை போறாங்கள்?" என்று ஒருநாள் அப்பா கேட்டாராம்.

"எங்கையோ போறாங்கள். அவங்களிட்டை ஆர் பேப்பர் கேக்கிறது?" என்றாராம் சிற்றம்பலம்.

பிறகு பேப்பர் கிடைத்தது. அம்மா வந்தாள். நிசாந் பிறந்தான். கார் வந்தது. ஆனால் விடுமுறை வந்தால் யாரோ ஒருவருக்குக் கல்யாணமும் வந்தது. பாரிஸ், லண்டன், சூரிச். கல்யாணம் இல்லாத கோடையில் வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்திய வீடு. அப்பா பார்த்த ஐரோப்பா முழுவதும் மண்டபங்கள்தாம். எல்லாவற்றிலும் வெள்ளை உறை போட்ட கதிரைகள்.

ஆற்றுக் கதையை மறுபடி கிளப்பியவர் யோசப். மன்னார்க்காரர். அப்பாவோடு அதே தொழிற்சாலையில் மா குழைக்கும் பகுதியில் வேலை. பிள்ளைகளோடு தெற்குப் பிரான்சில் ஆர்தேஷ் என்ற ஆற்றில் படகு வலித்து, கரையில் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டு வந்திருந்தார். "சிறி, இஞ்சத்தைய ஆறு மாதிரி இல்லை. கால் வைச்சால் இளஞ்சூடு. இருந்தால் எழும்ப மனம் வராது," என்றார். தன் நீலப் பீப்பாயை இரவல் தந்தவரும் அவர்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் ஆற்று வரைபடம் விரிந்து கிடந்தது. நிசாந் தன் வேலையைச் செய்வதுபோலவே இதையும் செய்தான். முப்பது கிலோமீற்றர் பள்ளத்தாக்கு. நடுவில் இரவு தங்க அனுமதித்த இடம், முன்பதிவு தேவை. எந்த மாதத்தில் தண்ணீர் எவ்வளவு ஓடும், எந்த வளைவில் பாறை, எங்கே இறங்கி இழுக்க வேண்டும். வாடகைப் படகோடு ஒரு பீப்பாய் தருவார்கள். யாரோ வைத்திருந்த பீப்பாயை அவன் நம்பவில்லை. அப்பா ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: தேர்த் திருவிழா முடிந்த பிறகு. யூன் கடைசி என்று பதிந்தான்.

சாமான் விஷயத்தில்தான் சண்டை.

"புட்டுப்பானை வேண்டாம் அப்பா."

"அப்ப காலமை என்ன தின்னுறது?"

"ஓட்ஸ்."

"நான் என்ன குதிரையோ?"

சிற்றம்பலம் தேநீரை உறிஞ்சிக்கொண்டு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாரிசாலையோ போறியள்?"

"இல்லை மாமா. லக்சம்பேர்க், லியோன், அப்பிடியே கீழ."

"பாரிசுக்குப் போகாமல் பிரான்சுக்குப் போற முதல் யாழ்ப்பாணத்தான் நீதான் தம்பி. சிறியின்ரை சொந்தக்காரர் அறிஞ்சால் கல்யாண வீட்டிலை கதிரை தரமாட்டாங்கள்."

"ஒருத்தருக்கும் சொல்லாதை சிற்றம்பலம்," என்றார் அப்பா.

"எனக்குச் சொன்னாப் பிறகு அதென்ன ஒருத்தருக்கும்?"

அம்மா அடுப்படியில் நின்றபடி சொன்னாள்: "என்னைக் கூப்பிடாதேங்கோ. நுளம்புக்குள்ளையும் பாம்புக்குள்ளையும் படுக்காமல் இருக்கத்தான் நான் இஞ்ச வந்தனான்."

படகுக்காரர்கள் நீந்தத் தெரியுமா என்று மட்டுமே கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு மாதிரி நீந்தத் தெரியும். மருத்துவரிடம் போய்க் காட்ட வேண்டும் என்பது நிசாந் தானாகச் சேர்த்த விதி. அறுபத்திரண்டு வயது, இரண்டு நாள் துடுப்பு வலிப்பது, பக்கத்தில் வீதி கிடையாது. பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு. ஏப்ரலில் ஒரு நாள் அரைநாள் லீவு எடுத்துக் கூட்டிப் போனான்.

எட்டு வயதிலிருந்து அவன்தான் வீட்டின் வாய். வெளிநாட்டவர் அலுவலகம், வரி அலுவலகம், வீட்டுக்காரர், பல் வைத்தியர், அவனுடைய பள்ளிக்கூடத்தில் அவனைப் பற்றியே சொன்ன புகார். அப்பா ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அதற்கு முந்தியதிலிருந்து தொடங்குவார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனையால் தட்டத் தொடங்குவார். எட்டு வயதில் அந்தச் சத்தம் அவனுக்குப் பயம். அதனால் பிழியக் கற்றுக்கொண்டான். அப்பா பத்து வசனம் சொன்னால் அவன் ஒன்று சொல்வான். அதிகாரி தலையாட்டுவார், அலுவல் முடியும். வெளியே வந்ததும் அப்பா அவன் தோளில் தட்டி, "என்ரை மோன் ஒரே சொல்லிலை அடிச்சான்" என்பார்.

ஏப்ரலிலும் அப்படித்தான் நடந்தது. மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்தார், பரவாயில்லை. ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். நிசாந் அப்பாவிடம் திரும்பினான்.

"வருத்தம் எண்டு சொல்ல ஏலாது மோனை," என்று தொடங்கினார் அப்பா. "யோசப்புக்கு முதுகு பிடிச்சதிலை இருந்து மா மூட்டையை நான்தானே தூக்கிறனான். தூக்கேக்க இந்த இடத்திலை ஒரு இறுக்கம். கயிறு போட்டு இழுக்கிற மாதிரி. சில வேளை இந்தக் கை விறைக்கும். கொஞ்சம் நிண்டால் போயிடும். கொம்மா வாய்வெண்டு சொல்லி வேர்க்கொம்பு அவிச்சுத் தாறா. குடிச்சால் ரெண்டு ஏவறை வரும், சுகமாயிருக்கும். போன கிழமை படியிலையும் நிண்டு நிண்டுதான் ஏறினனான்..."

மருத்துவரின் கண் கணினித் திரைக்குப் போய் வந்தது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

"சில நேரம் வயிற்றுக் கோளாறு இருக்கிறதாம். வாயு," என்று ஜெர்மனில் சொன்னான் நிசாந்.

மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மாத்திரை எழுதினார். அப்பாவின் கையைக் குலுக்கி, அந்த ஆறு மிக அழகானது, சந்தோஷமாகப் போய் வாருங்கள் என்றார்.

காரில் ஏறிய பிறகு அப்பா கேட்டார்: "மா மூட்டை தூக்கிறதைப் பற்றிச் சொன்னனீயோ?"

"ஓம் அப்பா, சொன்னனான்."

"அப்பச் சரி."

இவ்வளவுதான்.

அப்பா இறந்த பிறகு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது, ஒரே நாளில் வந்ததல்ல, மாதக்கணக்காக அறிகுறி இருந்திருக்கும் என்றார். நிசாந் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னான். ஒரு சொல் விடாமல் சொன்னான்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "நீ அவரை டாக்குத்தரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனீயெல்லோ? அங்க அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"டாக்குத்தர் வயித்துக் கோளாறு எண்டுதான் சொன்னவர் அம்மா."

அது பொய்யில்லை. பதிலும் இல்லை. அம்மா அதை வைத்துத் தன் கணக்கைப் போட்டுக்கொண்டாள். அவர் அங்கே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வாய்வு என்று தான் சொன்னதை நம்பியதால். மறுநாள் குப்பை வாளியில் வேர்க்கொம்புச் சுக்கு இருந்த போத்தல் கிடந்தது. மூடியோடு, முழுதாக.

வீட்டுக்கு வந்தவர்களிடம் அவளே சொல்லத் தொடங்கினாள். "நெஞ்சுக்க இறுக்குது எண்டவர். நான்தான் வேர்க்கொம்பு அவிச்சுக் குடுத்தனான்." ஒவ்வொருவரிடமும் அதே சொற்கள். நிசாந் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தான், கதிரை எடுத்துப் போட்டான். அவள் அதைச் சொல்லும்போது சமையலறைக்குப் போனான்.

அவனுடைய தொழிலில் கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். அவனும் கூட்டிப் பார்த்தான். அந்த அறைக்கு மனதால் திரும்பத் திரும்பப் போனான். பழக்கத்தில் சுருக்கினானா? அல்லது, நெஞ்சு என்று சொன்னால் இதய நிபுணரிடம் அனுப்புவார்கள், ரெர்மின் என்ற சந்திப்பு நேரம் கிடைக்க மாதங்கள் ஆகும், பதிந்து வைத்த இடம் போய்விடும் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியதா? ஓடியிருந்தால் மிகச் சிறியது. ஆனால் காரில் சொன்ன பொய்க்குப் பழக்கம் காரணமில்லை. அந்த நினைப்பு ஓடியது என்றே முடிவு செய்தான்.

ஆற்றங்கரையில் பதிந்திருந்த நாள் வந்து போனது. அதற்கு முந்திய வாரம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஐயர் கிரியைகளை முடித்துப் போன பிறகு சாப்பாடு. வீடு நிறைய ஆட்கள். கொலோனிலிருந்து வந்த தக்சாயினி, அப்பாவின் தங்கை, வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். அது எல்லோருக்கும் கேட்கும் குரல்.

"என்ரை அண்ணைக்கு நெஞ்சு நோகுது. மச்சாள் சுடுதண்ணி வைச்சுக் குடுத்திருக்கிறா. இது காடோ? ஜெர்மனி. அடுத்த தெருவிலை டாக்குத்தர்."

"விடு தக்சாயினி, சோத்தைத் தின்," என்றார் சிற்றம்பலம்.

"என்னத்தை விடுறது? ஊமையோ அண்ணை? டாக்குத்தரிட்டைப் போய் இருந்தும் வாய் திறக்காமல் வந்திருக்கிறார். மனிசி சொன்னது வேதவாக்கு."

அம்மா சாம்பார் வாளியோடு நின்றாள். தலையாட்டினாள். "ஓம். என்ரை பிழைதான்," என்றாள். சாம்பார் பரிமாறக் குனிந்தாள், தக்சாயினியின் இலைக்கே.

நிசாந் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

"அப்பா வாய் திறந்தவர் மாமி. எல்லாம் சொன்னவர். மூட்டை தூக்கேக்க இறுக்குது, கை விறைக்குது, படியிலை நிண்டு நிண்டு ஏறுறன் எண்டு வடிவாச் சொன்னவர். நான்தான் டாக்குத்தருக்குச் சொல்லேல்லை. வயித்துக் கோளாறு எண்டு நான்தான் சொன்னனான். அப்பா காருக்க கேட்டவர், சொன்னனீயோ எண்டு. சொன்னனான் எண்டு பொய் சொன்னன்."

தக்சாயினியின் கை இலையில் நின்றது. சிற்றம்பலம் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். மாமி என்ன சொல்வாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் சோற்றைப் பிசையத் தொடங்கினாள். பொறியாளன், படித்த பிள்ளை, அண்ணையின் ஒரே மகன். மச்சாளுக்குச் சொன்ன சொல் அவனுக்குப் பொருந்தவில்லை.

அம்மா அவனையே பார்த்தாள்.

"கை விறைக்குது எண்டும் சொன்னவரோ?"

"ஓம்."

"எனக்கு அதைச் சொல்லேல்லை." பிறகு, "நான் வேர்க்கொம்பு தந்ததையும் சொன்னவரோ?"

"ஓம் அம்மா. குடிச்சால் சுகமாயிருக்குது எண்டும் சொன்னவர்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள். எல்லோருக்கும் பரிமாறி முடித்தாள். அன்றைக்கு அவனுக்கு மட்டும் பரிமாறவில்லை.

அதன்பிறகு அவள் அவனோடு பேசியது, கதவு பூட்டியாச்சோ, பால் முடிஞ்சுது என்ற அளவில்தான். அவன் எதிர்பார்த்தது ஏச்சு. ஏச்சு வரவில்லை. வந்தது வேறொன்று. விதவை ஓய்வூதிய அலுவலகத்தில் ரெர்மின் வந்தபோது அவன் லீவு எடுத்தான். "லீவு எடுக்காதை. நான் யோசப்பரோடை போறன்," என்றாள். கடிதம் வந்தால் முன்பெல்லாம் அவன் கையில் தருவாள். இப்போது அகராதியை விரித்துவைத்துத் தானே வாசித்தாள். ஒரு கடிதத்துக்கு ஒரு மாலை போனது. அவன் பக்கத்து அறையில் இருந்தான். தாள் புரளும் சத்தம் கேட்டது.

தொழிற்சாலை கொடுத்த பையை அவள் யூலையில்தான் திறந்தாள். சப்பாத்து, துவாய், சாப்பாட்டுப் பெட்டி, ஜாக்கெட். ஜாக்கெட் பையிலிருந்து கறுப்பு றப்பர் வளையத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது அந்த நீலப் பரலின்ரையோ?"

"ஓம். சனிக்கிழமை மாத்திறன் எண்டவர்."

"தெரியும். நானும்தானே வாசல்லை நிண்டனான்." அவள் வளையத்தை விரலால் சுற்றித் தடவினாள். வெடித்த இடத்தில் நிறுத்தினாள். "யோசப்பரின்ரை சாமான். இரவல் வாங்கினதை உடைஞ்சபடி குடுக்க ஏலாது."

"நான் நாளைக்கு வாங்கிக்கொண்டு வாறன் அம்மா."

"நீ காரை மட்டும் ஓடு."

சனிக்கிழமை போனார்கள். கூடாரமும் படகும் விற்கும் பெரிய கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் பச்சை நிறப் படகு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நிசாந் காரை நிறுத்திவிட்டு இருக்கைப் பட்டியைக் கழற்றினான்.

"நீ இஞ்ச இரு," என்றாள் அம்மா.

"அளவு சொல்லோணும் அம்மா. முப்பது லீற்றர் பரல், மூடியின்ரை உள் விட்டம்..."

"இரு எண்டனான்."

அவள் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடி வழியே தெரிந்தது. ஒரு இளைஞனிடம் வளையத்தை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்து ஏதோ கேட்டான். அம்மா காற்றில் பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள். அவனுக்கு விளங்கவில்லை போல. அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளாலும் எதையோ கீழே அமுக்கினாள், அது மேலே துள்ளியது. முகத்தில் தண்ணீர் அடித்ததுபோலத் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். நெஞ்சின் நடுவே கையை வைத்துச் சொன்னாள். ஒரு றப்பர் வாங்க அவ்வளவு கதை தேவையில்லை.

நிசாந்தின் கை கதவுப் பிடியில் இருந்தது. அவன் இறங்கவில்லை. கடைக்காரன் வளையத்தைக் கையில் வைத்தபடி, வேறெங்கும் பார்க்காமல், கேட்டுக்கொண்டு நின்றான். அம்மா இன்னும் முடிக்கவில்லை.